செருப்பை மாற்றிக்கொண்டு ஏறுங்கள்... ஜாவாவின் கல் மலை காத்திருக்கிறது!

கோயிலுக்குப் போனால் வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழகிய விஷயம். இந்தோனேஷியாவின் ஜாவா தீவில் இருக்கும் போரோபுதூரில் கதையே வேறு. ‘உங்கள் ஷூவைக் கழற்றுங்கள்’ என்று சொல்லிவிட்டு, கையில் வேறொரு ஜோடி செருப்பைக் கொடுக்கிறார்கள். தாழை இன ஓலையில் பின்னிய, மெத்தென்ற செருப்பு. அதற்குப் பெயர் ‘உபானாத்’. பாதரட்சையைக் குறிக்கும் சம்ஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்த பெயர். அதைப் போட்டுக்கொண்டால்தான் மேலே ஏறலாம். திரும்பும்போது அந்தச் செருப்பை நாமே வீட்டுக்கு எடுத்துவரலாம்.

ஏன் இந்த ஏற்பாடு? 1,200 ஆண்டுகளாக எரிமலைச் சாம்பலையும் பெருமழையையும் நிலநடுக்கத்தையும் தாங்கிய கல், நம்முடைய ரப்பர் ஷூக்களைத் தாங்க முடியாமல் தேய்கிறது. ஷூ அடியில் ஒட்டியிருக்கும் மணல், உப்புத்தாள் போலப் படிக்கட்டுகளை அரைக்கிறது. பார்க்க வருகிறவர்களாலேயே பார்க்க வந்த பொருள் அழிகிறது என்றால் என்ன செய்வது? கதவை இழுத்துப் பூட்டுவதா, கட்டணத்தை ஏற்றுவதா, ஆள் கணக்கைக் குறைப்பதா?

வெளிநாடு போய்க் கட்டடக்கலையைப் பார்க்க ஆசைப்படும் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய கேள்வி இது. அதற்கு ஜாவாவைவிட நல்ல பாடசாலை இல்லை. நம் வீட்டுப் பாட்டி சொன்ன கதைகள் அங்கே கல்லிலும், தோலிலும், துணியிலும், நெருப்பிலும் வேறொரு முகத்தோடு நிற்கின்றன.

உள்ளே போக முடியாத கோயில்

யோக்யகர்த்தா நகரிலிருந்து வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர். நெல்வயல், தென்னை, தூரத்தில் புகைவிடும் மெராபி எரிமலை. நடுவில், சாம்பல் நிறத்தில் ஒரு கல் மலை. 8-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 9-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், சைலேந்திர வம்சத்தினர் காலத்தில் எழுந்தது. உலகின் மிகப் பெரிய பௌத்த நினைவுச்சின்னம் இதுதான்.

கோயில் என்றதும் கருவறை, மண்டபம், பிராகாரம் என்று தேடாதீர்கள். இதற்கு உள்ளறையே கிடையாது. இயற்கையான ஒரு குன்றின் மேல் கல்லை அடுக்கிப் போர்த்தியிருக்கிறார்கள். கீழே ஆறு சதுர மேடைகள், அவற்றின் மேல் மூன்று வட்ட மேடைகள், உச்சியில் ஒரு பெரிய ஸ்தூபம். எரிமலைப் பாறையைச் சதுரமாக வெட்டி, சாந்து எதுவும் பூசாமல் ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்கள். மொத்தம் சுமார் 55,000 கன மீட்டர் கல்!

உள்ளே நுழைந்து கும்பிடும் கோயில் அல்ல, வலம் வந்து ஏறும் கோயில் இது. கீழ்த்தளம் ஆசைகளின் உலகம். நடுவில் இருக்கும் சதுர மேடைகள் உருவங்களின் உலகம். மேலே இருக்கும் வட்ட மேடைகள் உருவமற்ற உலகம். கீழே சுவர் முழுக்கச் சிற்பங்கள் நெருக்கியடிக்கும். வட்ட மேடைக்கு வந்ததும் சட்டென்று சுவர்கள் மறைந்து வானம் திறக்கும். ‘வெறுமை’ என்ற தத்துவத்தைப் பேசிப் புரியவைக்காமல், நடக்கவைத்துப் புரியவைத்திருக்கிறார்கள்.

வட்ட மேடைகளில் மட்டும் 72 சிறு ஸ்தூபங்கள். 32, 24, 16 என்று மேலே போகப் போக எண்ணிக்கை குறைகிறது. கல்லில் ஜன்னல் வைத்தது போல ஓட்டைகள். அவற்றின் வழியே எட்டிப் பார்த்தால் உள்ளே அமர்ந்திருக்கும் புத்தர் தெரிவார். முதல் இரண்டு வட்டங்களில் ஓட்டைகள் வைர வடிவம். கடைசி வட்டத்தில் நேர் சதுரம். அலைபாயும் மனம் நிலைகொள்வதன் அடையாளம் இது என்று விளக்கம் சொல்கிறார்கள். அதை அறியாமல் போனாலும், கண் தானாகவே ஒரு அமைதியை உணரும்.

இந்த ஓட்டை ஒன்றுக்குள் கையை விட்டு, உள்ளே இருக்கும் புத்தரைத் தொட்டுவிட்டால் நினைத்தது நடக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ‘குந்தோ பீமோ’ என்று அந்தச் சிலைக்குச் செல்லப்பெயர். தலைமுறை தலைமுறையாகக் கைகள் பட்டுப் பட்டு... இப்போது அதற்குத் தடை.

பத்துச் சுற்று, 1,460 கதைப் பலகைகள்

போரோபுதூரை அவசரமாக ஏறி, உச்சியில் ஒரு செல்ஃபி எடுத்து இறங்குகிறவர்கள் இழப்பது எது தெரியுமா? அதன் கதையை. கதை சொல்லும் சிற்பப் பலகைகள் மட்டும் இங்கே 1,460. அலங்காரப் பலகைகள் 1,212. எல்லாக் கதைகளையும் வரிசை மாறாமல் பார்க்க வேண்டுமென்றால், கிழக்கு வாசலில் தொடங்கி நான்கு பிராகாரங்களில் பத்து முறை வலம் வர வேண்டும். முதல் பிராகாரத்தில் மட்டுமே நான்கு சுற்று!

அங்கே புத்தரின் வாழ்க்கை 120 பலகைகளில் விரிகிறது. துஷித சொர்க்கத்திலிருந்து அவர் இறங்கிவருவதில் தொடங்கி, காசிக்கு அருகே முதல் உபதேசம் செய்வதோடு நிறைகிறது. கூடவே ஜாதகக் கதைகள். சிற்பிகள் புராணத்தை மட்டும் செதுக்கவில்லை. 9-ம் நூற்றாண்டு ஜாவாவின் சந்தை, வீடு, மரம், இசைக்கருவி, குடம், நகை எல்லாமே கதைக்குப் பின்னணியாக வந்துவிட்டன. 

அவற்றில் கப்பல்களும் உண்டு. பாய் விரித்து, பக்கவாட்டில் மிதவைக்கட்டை வைத்த கப்பல்கள். அந்தச் சிற்பத்தைப் பார்த்து 2003-ம் ஆண்டில் நிஜமாகவே ஒரு கப்பல் கட்டினார்கள். ‘சமுத்ர ரக்ஷா’ என்று பெயர் வைத்து, ஜகார்த்தாவிலிருந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து, ஆப்பிரிக்கா முனையைச் சுற்றி, 2004-ல் கானா நாட்டின் அக்ரா துறைமுகம் வரை ஓட்டிப் போனார்கள். அந்தக் கப்பல் இப்போது போரோபுதூர் வளாகத்தின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சிற்பத்தைப் பார்த்த கையோடு அதையும் பார்த்துவிட்டு வாருங்கள். குழந்தைகளுக்கு அது தனிக் கொண்டாட்டம்.

மண்ணில் அல்ல, கல்லில் புதைத்த 160

போரோபுதூரின் ஆச்சர்யங்களில் ஒன்று, நாம் பார்க்க முடியாத பகுதி. 1885-ல்தான் அது வெளியே தெரிந்தது. இப்போது நாம் நிற்கும் அகலமான அடித்தளத்துக்குப் பின்னால் இன்னொரு அடித்தளம் ஒளிந்திருக்கிறது. அதில் 160 சிற்பப் பலகைகள். வினையும் விளைவும்தான் பொருள். ஆமையையும் மீனையும் கொதிக்கும் பானையில் போட்டுச் சமைப்பவர்கள், பக்கத்திலேயே நரகத்தின் கொப்பரையில் தாங்கள் வேகிறார்கள். புறம் பேசுதல், களவு, தானம், தர்மம்... ஒவ்வொன்றுக்கும் என்ன பலன் என்று கல்லில் எழுதிய கணக்கு.

செதுக்கிய பிறகு ஏன் மூடினார்கள்? கட்டடத்தின் எடை தாங்காமல் அடிப்பகுதி சரியத் தொடங்கியிருக்கலாம், முட்டுக்கொடுக்கக் கல்லை அடுக்கியிருக்கலாம் என்கிறார்கள் பலர். முதலில் போட்ட திட்டத்தைச் சாத்திர விதிப்படி திருத்தினார்கள் என்பவர்களும் உண்டு. எப்படியோ, நூற்றுக்கணக்கான நாள் உழைப்பைத் தங்கள் கையாலேயே மூடியிருக்கிறார்கள்.

மூடியதால் ஒரு நன்மையும் நடந்தது. சில பலகைகளின் மேல், சிற்பிகளுக்காக எழுதிவைத்த குறிப்புகள் அழியாமல் தப்பின. ‘விரூப’ என்று ஒன்றின் மேல். அதாவது, இங்கே அவலட்சண முகங்களைச் செதுக்கு என்று அர்த்தம். இன்னொன்றில் ‘ஸ்வர்க’. 1,200 ஆண்டுகளுக்கு முன் ஒரு மேஸ்திரி சிற்பிக்குச் சொன்ன வேலைக்குறிப்பு அப்படியே இருக்கிறது!

1890-91-ல் மூடிய கற்கள் பகுதி பகுதியாக எடுக்கப்பட்டு, காசியான் செஃபாஸ் என்ற ஜாவானியப் புகைப்படக் கலைஞர் எல்லாப் பலகைகளையும் படமெடுத்த பின் மீண்டும் அடுக்கப்பட்டன. இன்று நமக்கு அந்த 160 பலகைகளும் தெரிவது அந்தப் படங்களால்தான். தென்கிழக்கு மூலையில் மட்டும் சில பலகைகள் திறந்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானியர் ஆட்சியின்போது திறந்த பகுதி அது. பெரும்பாலானவர்கள் அந்த மூலைக்குப் போவதே இல்லை. நீங்கள் போங்கள்.

தண்ணீர் என்ற எதிரி

10-ம் நூற்றாண்டில் ஜாவாவின் அரசதிகாரம் தீவின் கிழக்குப் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. போரோபுதூர் மெல்ல மெல்ல மரமும் செடியும் எரிமலைச் சாம்பலும் மூடிய மேடானது. 1814-ல் ஜாவாவை ஆண்ட ஆங்கிலேய அதிகாரி ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் (பின்னாளில் சிங்கப்பூரில் காலூன்றிய அதே ராஃபிள்ஸ்தான்) தகவல் கேள்விப்பட்டு ஒரு பொறியாளரை அனுப்பினார். சுமார் 200 பேர் மரங்களை வெட்டி, மண்ணை அள்ளினார்கள்.

வெளிச்சத்துக்கு வந்ததும் இன்னொரு ஆபத்தும் வந்தது. கொள்ளை. புத்தர் தலைகள் வெட்டப்பட்டன. 1896-ல் வருகை தந்த சயாம் மன்னர் சூலலங்கோர்னுக்கு எட்டு வண்டி நிறையச் சிற்பங்களைப் பரிசாகத் தூக்கிக் கொடுத்தது டச்சுக் காலனி அரசு. அவற்றில் சில இன்றும் பாங்காக் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. போரோபுதூரில் முதலில் இருந்த 504 புத்தர் சிலைகளில் 300-க்கும் மேற்பட்டவை சேதமானவை, பெரும்பாலும் தலையற்றவை. 43 சிலைகள் இல்லவே இல்லை. தலையில்லாத அந்த வரிசையைப் பார்க்கும்போது, உலக அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அழகான கல் தலைகளைப் பற்றி வேறு மாதிரி யோசிக்கத் தோன்றும்.

திருடர்களைவிடப் பெரிய எதிரி தண்ணீர். உள்ளே இருப்பது மண் குன்று அல்லவா? சாந்து இல்லாத இடுக்குகள் வழியே மழை உள்ளே இறங்கும். ஊறிய மண் சுவரை வெளியே தள்ளும். 1907 முதல் 1911 வரை தியோடோர் வான் எர்ப் என்ற டச்சுப் பொறியாளர் ஒரு சுற்றுச் சீரமைத்தார். அவர் உச்சி ஸ்தூபத்தின் மேல் ஒரு கல் குடையையும் கட்டிவைத்தார். பிறகு, அதில் மூலக்கற்கள் போதுமான அளவு இல்லை என்று தானே கழற்றிவிட்டார். ‘இப்படி இருந்திருக்கும்’ என்ற ஊகத்தை, ‘இப்படித்தான் இருந்தது’ என்று காட்ட அவர் விரும்பவில்லை.

முழுத் தீர்வு 1975-ல் தொடங்கியது. யுனெஸ்கோவும் இந்தோனேஷிய அரசும் பல நாடுகளும் கைகோத்தன. பொறுப்பேற்றவர் இந்தோனேஷியத் தொல்லியலாளர் சுக்மோனோ. சதுர மேடைகளைக் கல் கல்லாகப் பிரித்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கற்கள்! ஒவ்வொன்றுக்கும் அடையாளமிட்டு, சுத்தம் செய்து, அடியில் கான்கிரீட் தளமும் வடிகால் குழாய்களும் பதித்து, அதே இடத்தில் அதே கல்லை வைத்தார்கள். 1983 பிப்ரவரியில் மீண்டும் திறந்தார்கள்.

இரண்டே ஆண்டுகள். 1985 ஜனவரி 21 அன்று தீவிரவாதிகள் வைத்த குண்டுகள் வெடித்து ஒன்பது ஸ்தூபங்கள் சிதைந்தன. அவற்றையும் சீரமைத்தார்கள். 2010-ல் மெராபி வெடித்தபோது கோயில் முழுக்கச் சாம்பல். அமிலத்தன்மை உள்ள சாம்பல் கல்லைத் தின்றுவிடும், வடிகாலையும் அடைத்துவிடும். தன்னார்வலர்களும் சேர்ந்துதான் வழித்தெடுத்தார்கள். இன்று இந்தோனேஷியாவில் பெரும்பான்மையோர் இஸ்லாமியர்கள். ஒரு பௌத்தச் சின்னத்தை ‘எங்கள் முன்னோர் கட்டியது’ என்று அவர்கள் துடைத்துப் பாதுகாக்கிறார்கள்.

ஒரு டிக்கெட்டும் ஒரு தேசத்தின் கோபமும்

2022 ஜூன் மாதம் ஓர் அறிவிப்பு வந்தது. போரோபுதூர் மேலே ஏற, வெளிநாட்டவருக்கு 100 டாலர், உள்நாட்டவருக்கு 7,50,000 ரூபியா. நாளொன்றுக்கு 1,200 பேர் மட்டும். கூட்டத்தைக் குறைத்துக் கல்லைக் காப்பாற்றுவதுதான் நோக்கம்.

நாடே கொதித்தது. வளாகத்துக்குள் நுழைய 50,000 ரூபியா கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள். ‘எங்கள் தாத்தன் கட்டியதை நாங்கள் பார்க்கக் கூடாதா? பணக்காரனுக்கு மட்டும்தானா பாரம்பர்யம்?’ என்ற கேள்வி எழுந்தது. வேறொரு பழைய காயமும் உண்டு. 1980-களில் பூங்கா அமைப்பதற்காக, கோயிலை ஒட்டியிருந்த கிராமத்து வீடுகள் அகற்றப்பட்டன. கோயிலின் நிழலில் வாழ்ந்தவர்கள் வேலிக்கு வெளியே போனார்கள்.

எதிர்ப்பு வலுக்கவே, அந்தக் கட்டண உயர்வைக் கைவிட்டது அரசு. ஆனால், ஆள் கணக்கு நின்றுவிட்டது. இப்போது குறிப்பிட்ட நேரத்துக்கு, குறிப்பிட்ட எண்ணிக்கையில், வழிகாட்டியோடுதான் மேலே ஏறலாம். ஓலைச் செருப்பும் அப்போது வந்ததுதான். அதைப் பின்னுகிறவர்கள் சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள். கல்லுக்கும் பாதுகாப்பு, ஊருக்கும் கூலி.

இதில் எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல முடியாது. டிக்கெட் கிடைக்காமல் கீழ்த்தளத்திலேயே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். ‘ஏறவே விடக் கூடாது’ என்பவர்களும் உண்டு. ‘வலம் வந்து ஏறுவதற்கென்றே கட்டியதை, ஏறாமல் எப்படிப் புரிந்துகொள்வது?’ என்பது மறுதரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சிக்கல் எளிதில் தீராது.

அகத்தியர் நிற்கும் பிரம்பானான்

யோக்யகர்த்தாவுக்குக் கிழக்கே சுமார் 17 கிலோமீட்டரில் பிரம்பானான். போரோபுதூர் படர்ந்த மலை என்றால், இது வானத்தைக் குத்தும் தீச்சுடர். சிவன், பிரம்மா, விஷ்ணு மூவருக்கும் தனித்தனிக் கோபுரங்கள். நடுவில் இருக்கும் சிவன் கோயிலின் உயரம் 47 மீட்டர். 9-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த இந்த வளாகத்தில் மொத்தம் 240 கோயில்கள் இருந்தன.

சிவன் கோயிலில் நான்கு திசைக்கும் நான்கு அறைகள். கிழக்கு அறை வழியே போனால் நடுவில் சிவன். மேற்கே பிள்ளையார். வடக்கே மகிஷாசுரமர்த்தினி. தெற்கே யார் தெரியுமா? தாடியும் தொந்தியுமாக நம்ம அகத்தியர்! ஜாவாவில் அவர் சிவனின் குரு வடிவமாகவே வணங்கப்பட்டவர்.

வடக்கு அறையில் இருக்கும் துர்க்கையை ஊர்மக்கள் ‘ரோரோ ஜோங்ராங்’ என்கிறார்கள். அவள் ஓர் இளவரசியாம். தன் தந்தையைக் கொன்றவன் பெண் கேட்டு வந்தபோது, ‘ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்டு’ என்று நிபந்தனை போட்டாள். அவன் பூதங்களை ஏவி 999 கட்டிவிட்டான். பதறிப்போனவள், ஊர்ப் பெண்களை எழுப்பி நெல் குத்தச் சொல்லி, கிழக்கே நெருப்பு மூட்டச் சொன்னாள். விடிந்துவிட்டதென்று சேவல் கூவ, பூதங்கள் ஓடிவிட்டன. ஏமாந்தவன் சாபமிட, அவளே ஆயிரமாவது சிலையாகிவிட்டாள். கட்டியவர்களின் வரலாறு மறந்துபோன காலத்தில், இடிந்து கிடந்த கோயில்களைப் பார்த்து மக்கள் பின்னிய கதை இது.

சிவன் கோயிலின் சுற்றுச்சுவர் உள்பக்கத்தில் ராமாயணம். வலம் வந்தபடியே படிக்கலாம். சேது கட்டும் காட்சியில் கொஞ்சம் நில்லுங்கள். வானரங்கள் பாறைகளைச் சுமக்க, கடலுக்குள் மீன்கள் கல்லை வாயில் கவ்வி நிற்கும். கதை அங்கே முடியாது. தொடர்ச்சி பக்கத்தில் இருக்கும் பிரம்மா கோயிலில்.

இங்கும் சீரமைப்பில் நேர்மை ஒரு சட்டமாகவே இருக்கிறது. ஒரு கோயிலின் மூலக்கற்களில் குறைந்தது 75 சதவிகிதம் கிடைத்தால்தான் மீண்டும் எழுப்புவார்கள். அதனால்தான் சிவன் கோயில் 1953-ல் எழுந்து நிற்க, பிரம்மா கோயில் 1987 வரையும் விஷ்ணு கோயில் 1991 வரையும் காத்திருந்தன. சுற்றிலும் இருந்த சிறு கோயில்களில் பெரும்பாலானவை இன்றும் கற்குவியல்களே. 2006 மே 27 நிலநடுக்கம் மறுபடி உலுக்கியது. மறுபடியும் பொறுமையாகச் சரிசெய்தார்கள். அந்தக் குவியல்களை ‘இடிபாடு’ என்று தாண்டிப் போகாதீர்கள். பொய் சொல்ல மறுத்த கற்கள் அவை.

பக்கத்திலேயே, நடந்து போகும் தூரத்தில் சேவு என்ற பெரிய பௌத்த வளாகமும் இருக்கிறது. சைவமும் பௌத்தமும் அக்கம்பக்கத்து வீடுகளாக இருந்த காலத்தின் சாட்சி.

அனுமன் வாலில் நிஜ நெருப்பு

பகலில் கல்லில் பார்த்த ராமாயணத்தை இரவில் உயிரோடு பார்க்கலாம். 1961 முதல் பிரம்பானானில் நடக்கும் நாட்டிய நாடகம் இது. வசனமே கிடையாது. கமலான் எனும் வெண்கல வாத்தியங்களின் இசையும் உடல் அசைவும் மட்டும்தான். மழையில்லாத மாதங்களில் திறந்தவெளி மேடையில், பின்னணியில் விளக்கொளியில் நிஜக் கோபுரங்கள் தெரிய, ‘அனோமன்’ இலங்கையை எரிக்கும்போது மேடையில் நிஜமாகவே குடிசை பற்றி எரியும்.

சீதை அங்கே ‘ஷிந்தா’, ராவணன் ‘ரஹ்வானா’, இலக்குவன் ‘லெஸ்மனா’. ஆடுபவர்களில் பெரும்பாலானோர் இஸ்லாமியர்கள். தொழுகை முடித்து வந்து முகத்தில் அரிதாரம் பூசி ராமனாக நிற்பதில் அவர்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. நம்பிக்கை வேறு, பரம்பரைக் கலை வேறு என்ற தெளிவு.

திரைக்கு எந்தப் பக்கம் உட்காருவது?

‘வயாங் கூலித்’ என்ற நிழல் பாவைக்கூத்து ஜாவாவின் உயிர்க்கலை. எருமைத்தோலில் நுணுக்கமாகத் துளையிட்டு வண்ணம் தீட்டிய பாவைகள். ‘தலாங்’ என்ற ஒரே ஆள், இரவு முழுக்க எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்து, பாவைகளை ஆட்டி, இசைக்குழுவையும் நடத்துவார். நம்மூர் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்குப் பெரியம்மா வீட்டுக்கு வந்தது போல இருக்கும்.

ஆனால், கதையில் திருப்பங்கள் உண்டு. மகாபாரதத்தில் நமக்குத் தெரிந்த சிகண்டி, ஜாவாவில் ‘ஸ்ரீகண்டி’ என்ற வில்லாளிப் பெண். அதுமட்டுமல்ல, அர்ஜுனனின் மனைவி! திரௌபதி தருமருக்கு மட்டுமே மனைவி. நடுவே செமார் என்ற குண்டுக் கோமாளி தன் பிள்ளைகளோடு வந்து, ராஜாக்களையே கிண்டலடிப்பார். அவர் மாறுவேடத்தில் இருக்கும் தெய்வம் என்பது ஜாவானியர் நம்பிக்கை. இந்தியாவில் இல்லாத பாத்திரம். ‘இது தப்பான மகாபாரதம்’ என்று நினைக்க வேண்டாம். ஒரு கதை கடல் கடந்து போய், அந்த மண்ணில் வேர்பிடித்தால் இப்படித்தான் பூக்கும்.

யோக்யகர்த்தாவின் சோனோபுதோயோ அருங்காட்சியகத்தில், பயணிகளுக்கென்று சுருக்கமான வயாங் காட்சி நடக்கிறது. திரையின் நிழல் பக்கமும் உட்காரலாம், தலாங் அமரும் பக்கமும் உட்காரலாம். பாதி நேரம் அங்கே, பாதி நேரம் இங்கே என்று மாறிப் பாருங்கள்.

அதே ஊரில் பாத்திக் பட்டறைகளும் நிறைய. செம்புக் கிண்ணமும் மெல்லிய மூக்கும் கொண்ட ‘சாந்திங்’ என்ற எழுதுகோலில் உருகிய மெழுகை ஊற்றித் துணியில் கோலம் போல இழுப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. ‘பாராங்’ என்ற சாய்கோட்டு வடிவம் ஒரு காலத்தில் அரண்மனைக்கு மட்டுமே உரியது, சாமானியர் உடுத்தக் கூடாது. இன்று அது பிளாட்பாரக் கடையிலும் தொங்குகிறது. கையால் எழுதியதா, இயந்திரத்தில் அச்சடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். கையால் எழுதியதென்றால் துணியின் இரு பக்கமும் வடிவம் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் தெரியும்.

கிளம்பும் முன்...

* மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு. திறந்தவெளி ராமாயணமும் அப்போதுதான். ரம்ஜான் மாதத்தில் நிகழ்ச்சி நேரங்களை முன்பே விசாரித்துவிடுங்கள்.

* போரோபுதூரில் வளாகத்துக்குள் நுழைய ஒரு டிக்கெட், மேலே ஏற வேறு டிக்கெட். ஏறும் டிக்கெட்டை இணையத்தில் முன்பதிவு செய்த பிறகு பயணத் தேதியை முடிவு செய்வது நல்லது.

* கோலாலம்பூர், சிங்கப்பூர் அல்லது ஜகார்த்தாவில் விமானம் மாறி யோக்யகர்த்தா போகலாம். இந்தியர்கள் அங்கே இறங்கியதும் விசா பெறும் வசதி உண்டு. விதிகள் மாறக்கூடியவை, கிளம்பும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

* போரோபுதூருக்கு ஒரு நாள், பிரம்பானானுக்கு ஒரு நாள், நகருக்கு ஒரு நாள். மூன்று நாளுக்குக் குறைத்தால் கால்தான் வலிக்கும், மனசு நிறையாது. போரோபுதூர் போகும் வழியில் மெந்துத் கோயிலில் நிறுத்தி, உள்ளே அமர்ந்திருக்கும் மூன்று மீட்டர் உயரப் புத்தரைப் பாருங்கள்.

* சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு டோஃபு, தெம்பே, வேர்க்கடலைச் சாறு ஊற்றிய காடோ காடோ உண்டு. யோக்யகர்த்தாவின் புகழ்பெற்ற ‘குதெக்’ பலாப்பிஞ்சில் செய்வதுதான். ஆனால், அதோடு கோழியும் மாட்டுத்தோல் குழம்பும் சேர்த்துத் தருவார்கள். பல சட்னிகளில் இறால் விழுது இருக்கும். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சுதனன் போன வழி

போரோபுதூரின் மேல் பிராகாரங்களில், 460 பலகைகளை ஒரே ஒருவனின் பயணம் நிறைத்திருக்கிறது. அவன் பெயர் சுதனன். வணிகர் வீட்டுப் பிள்ளை. ஞானம் தேடிக் கிளம்பி, ஊர் ஊராகப் போய், ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசான்களைச் சந்திக்கிறான். துறவி மட்டுமல்ல, அரசன், கப்பலோட்டி, வாசனைத் திரவிய வியாபாரி, கணிகை, மணலில் விளையாடும் சிறுவன் என எல்லோரும் அவனுக்கு ஆசான்கள். அவர்களில் ஒருவர் மேகன். திராவிட நாட்டில் வஜ்ரபுரம் என்ற ஊரில் இருப்பவர் என்று அந்த நூல் சொல்கிறது. ஆக, ஜாவாவின் கல் மலையில் நம் பக்கத்து ஆசான் ஒருவருக்கும் இடம் இருக்கிறது.

ஒவ்வோர் ஆசானும் சுதனனிடம் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். ‘எனக்குத் தெரிந்தது இவ்வளவு. மீதியை அறிய, இன்ன ஊரில் இன்னாரைப் போய்ப் பார்.’

ஊர் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடைக்காது. தஞ்சையும் மாமல்லபுரமும் நமக்குச் சொன்னது இவ்வளவு. மீதியைப் போரோபுதூர் சொல்லும். போரோபுதூர் சொல்லாததை வேறோர் ஊர் சொல்லும். அங்கே ஏறும்போது சுதனனின் வரிசையைத் தேடிப்பிடித்து, வலப்பக்கமாகவே சுற்றுங்கள். கையை மட்டும் கல்லில் வைத்துவிடாதீர்கள். நமக்குப் பின்னால் வருகிறவனும் படிக்க வேண்டிய புத்தகம் அது.